எட்டு நாள் வீட்டில் இருந்த இரண்டு கிட்டார்கள்

அண்ணே,

நேற்று மாலை மேல்வீட்டில் ஒரு கம்பி அறுந்தது. அடுப்படியில் நின்ற எனக்கு அது எந்தக் கம்பி என்று உடனே தெரிந்துவிட்டது. மூன்றாவது ஜோடியில் இருக்கும் ஒல்லிக் கம்பி. பன்னிரண்டு கம்பிக் கிட்டாரில் முதலில் அறுவது எப்போதும் அதுதான். "மத்ததெல்லாம் வேலை பாக்குது, இது ஒண்ணு மட்டும் உசுரக் குடுத்து நிக்கிது" என்று நீ சொல்வாய்.

அடுப்பை அணைத்துவிட்டு மாடி ஏறினேன். மேலே குடியிருப்பது வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண். கட்டில்மேல் இரண்டு கிட்டார்கள் கிடந்தன, இரண்டுமே பன்னிரண்டு கம்பி. கடைக்காரர் திங்கட்கிழமை வரைக்கும் வைத்து வாசித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். "ஆன்ட்டி, நீங்க பாடுவீங்கன்னு உங்க வீட்டு சார் சொன்னாங்க. இதுல எதை எடுக்கட்டும்? இது சத்தம் பிரமாதம், ஆனா கை வலிக்குது. இது கைக்கு சுகம், சத்தம் கொஞ்சம் கம்மி" என்றாள். பால் பொங்குகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமாக ஒரு இடத்தில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஜெபமாலையை எடுத்தால் பாதியில் வைத்துவிடுகிறேன். துணி மடிக்கத் தொடங்கினால் நடுவில் எழுந்து வாசலுக்குப் போய் நிற்கிறேன். உன் மச்சான் எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்கிறார். சர்க்கரையெல்லாம் இல்லை. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் காரணம். அதை இப்போது எழுதித் தொலைக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். பாம்பனில் ஆடி மாதக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கோயில் திருவிழாவின் ஒன்பதாம் நாள் மாலை மேடையில் நான் பாட வேண்டும், நீ வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. கொடியிறக்கி மூன்றாவது வாரம் எனக்குத் தூத்துக்குடியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். கோயில் பாட்டுக் குழுவோடு நின்று பாடலாம், தனியாக மேடை ஏறக் கூடாது. ஆக, அந்த மாலைதான் எனக்கு முதல் மேடை, அதுவே கடைசி மேடை. பத்தொன்பது வயதில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

உன் பழைய ஆறு கம்பிக் கிட்டார் அந்தக் கோடையில் பசை விட்டு முதுகு பிளந்துபோயிருந்தது. நன்றாக இருந்தபோதே அதன் சத்தம் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. மைக் செட் ஒன்று வரும், ஆனால் அது சாமியாரின் பிரசங்கத்துக்கு மட்டும். பாட்டுக்கு மைக் கேட்டால், "வானத்துச் சம்மனசுகள் மைக் வைத்தா பாடினார்கள்?" என்பார். பன்னிரண்டு கம்பி இருந்தால் ஒரே ஆள் இரண்டு ஆள் சத்தம் கொடுக்கலாம் என்று கொழும்பு ரேடியோவில் கேட்டுக் கேட்டு உனக்கு ஆசை. பாம்பன் ஸ்டேஷனில் பார்சல் ஆபீசில் வேலை என்பதால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்தாய். ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தோம், ஒரே வாரத்தில் இரண்டு வந்துவிட்டன.

ஒன்று கீழக்கரை சுல்தான் பாய் கொண்டுவந்தது. சங்கு வியாபாரத்துக்காகக் கொழும்புக்குப் போய்வரும் உன் சிநேகிதர். இன்னொன்று மண்டபம் ஊரில் இருந்த ரயில்வே கார்டு வீட்டுக் கிட்டார். அந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. எட்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைச் சொல்லுங்கள் என்று இரண்டு பேருமே விட்டுப் போனார்கள். கார்டு தன் கிட்டாரைக் கொடுக்கும்போது சொன்னார்: "இது குதிரை, மேன். பயந்தா தள்ளிடும்." சுல்தான் பாய் எதுவும் சொல்லவில்லை. தன்னுடையதை உன் மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

அய்யா கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்து இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பன்னெண்டு கம்பியா? எல்லாத்தையுமா அடிக்கிறது?"

"ஆறு ஜோடி அய்யா."

"அப்ப ஆறு ஓட்டத்துக்கு, ஆறு ஸ்பேரா?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மேலே நான்கு ஜோடியில் ஒன்று தடி, ஒன்று ஒல்லி. ஒல்லி ஒரு ஸ்தாயி ஏறிக் கூடவே பாடும், கீழே இரண்டு ஜோடி ஒன்றுபோலப் பாடும் என்று அவருக்கு விளக்கினாய். அய்யா தலையாட்டினார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

உன் விரலைப் பற்றி இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு வலையிலிருந்து மீன் கழற்றும்போது திருக்கை முள் உன் இடது கை மோதிர விரலில் இறங்கிவிட்டது. சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் கீறி, கடைசியில் விரல் தப்பியது. ஆனால் மேல் கணு முழுதாக மடங்காது. ஆறு கம்பியில் சமாளித்துக்கொண்டாய். பன்னிரண்டில் ஒரு விரல் நுனி இரண்டு கம்பியைச் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டும் சமமாக அமுங்காவிட்டால் ஒன்று பாடும், ஒன்று கரகரக்கும். கிட்டார் எப்படிச் சத்தம் போடுகிறது என்பது எனக்குக் கேள்வி. அது எப்படி அமுங்குகிறது என்பது உனக்குக் கேள்வி. எட்டு நாளும் நாம் ஒரே விஷயத்தைப் பேசுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கொழும்புக் கிட்டாருக்குக் கழுத்து ஒல்லி. கம்பி, கழுத்தில் பதித்த மெட்டை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். நீ தொட்டால் அமுங்கும். முழு விரலையும் படுக்கப் போட்டு ஆறு ஜோடியையும் அழுத்துகிற பிடிகூட உனக்கு அதில் வந்தது. சத்தம் இனிப்பாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். கார்டு கிட்டாருக்கு வயிறு பெரிது, கழுத்து அகலம், கம்பிகள் மெட்டைவிட்டு எழும்பி நிற்கும். நாலாவது மெட்டைத் தாண்டினால் உன் முகம் கோணும். ஆனால் அதை எங்கும் அழுத்தாமல் ஒரு தட்டுத் தட்டினால் காற்றில் மினுமினுவென்று எதுவோ எழும்பும். தட்டிய பிறகும் அடங்க மாட்டேன் என்று நிற்கும். அந்தச் சத்தத்தின்மேல் என் குரலை வைத்தால் குரல் தானாகவே போகும். நான் முயற்சி செய்யவே வேண்டியதில்லை.

தினமும் நீ வேலை விட்டு வந்ததும் பரீட்சை. வலை காயும் கொட்டகையில் நீ உட்கார்ந்து வாசிப்பாய், நான் தூரத்தில் நின்று கேட்டுச் சொல்ல வேண்டும். முதலில் கிணறு, பிறகு கவிழ்த்துப் போட்ட வள்ளம், அதற்கப்பால் ஒற்றைப் பனை. கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கார்டு கிட்டார் எதிர்க்காற்றிலும் பனைவரை வந்தது. கொழும்புக் கிட்டார் முதல் மூன்று நாள் கிணற்றோடு நின்றது. நாலாம் நாள் நீ கையை மாற்றினாய். கம்பிகளைக் கட்டியிருக்கும் அடிப்பக்கத்தை ஒட்டி, கட்டை விரலால் கொஞ்சம் அழுத்தித் தட்டினாய். வள்ளம் வரை வந்தது. ஐந்தாம் நாள் வள்ளத்தையும் தாண்டியது.

"பாத்தியா புள்ள, இங்கன பிடிச்சா போகுது! இன்னும் நாலு நாளு பழகுனா பனைக்கும் போயிரும்" என்று கத்தினாய். எவ்வளவு சந்தோஷம் உன் முகத்தில்.

எனக்குப் பகீர் என்றது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. உன் விரலுக்கு ஏற்ற ஒன்று கிடைத்துவிட்டதே என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். பனைக்கும் அதற்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச தூரத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் மைதானத்தில் கடைசி வரிசை பனை அளவு தூரத்தில்தான் இருக்கும். நீ இதையே எடுத்துவிட்டால் அங்கே எட்டாது. சும்மா சும்மா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

ஆறாம் நாள் மதியம். நீ ஸ்டேஷனில் இருந்தாய். அம்மா கருவாடு திருப்பப் போயிருந்தாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அய்யா வள்ளத்துக்குப் பூசிவிட்டு மிச்சமிருந்த சுறா எண்ணெயும் துணியுமாக வந்தார். நேராகக் கொழும்புக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, ஒவ்வொரு கம்பியாகத் துடைக்க ஆரம்பித்தார். தூண்டில் முள்ளைத் துடைக்கிற அதே பக்குவம், அதே பொறுமை.

"என்ன அய்யா செய்றீக?"

"இந்தக் கச்சான் காத்துல ஒரு நாளு போதும், கம்பி பூராம் துருவேறிப்போகும். அடுத்தவுக பொருளுத்தா. நாளைக்கு நம்மளப் பேசுவாக."

எண்ணெய் பட்டால் கம்பி செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். உன் பழைய கிட்டாரில் மீன் கையோடு ஒரு தடவை தொட்டதற்கு நீ என்னை ஒரு நாள் முழுக்கத் திட்டியிருக்கிறாய். அப்போதே "வேண்டாம் அய்யா" என்று சொல்லியிருக்கலாம். அவர் ஆறு ஜோடியையும் துடைத்து முடிக்கும்வரை கல் பொறுக்கினேன். பிறகு அவர் கார்டு கிட்டார் பக்கம் கையை நீட்டினார். அப்போது மட்டும் எனக்கு வாய் வந்தது.

"அதுக்கு வேணாம் அய்யா. அவுக வீட்டுலயே ஏதோ போட்டுக் குடுத்திருக்காக."

"அப்படியா? சரித்தா" என்று துணியைச் சுருட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

வாடை உனக்குக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குப் பயம் இல்லை. நம் வீட்டில் எதில்தான் சுறா எண்ணெய் வாடை இல்லை? தலையணையில்கூட அடிக்கும். வெளியூர்க்காரர் வாசலிலேயே மூக்கைப் பொத்துவார்கள். நமக்குத் தெரியாது.

அன்று மாலை நீ வந்து முதலில் கொழும்புக் கிட்டாரைத்தான் எடுத்தாய். ஒரு பிடி பிடித்துத் தட்டினாய். சத்தம் மேலே எழும்பவே இல்லை. இன்னொரு முறை தட்டினாய். விரல் நுனியைப் பார்த்தாய், கைலியில் துடைத்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"ஏ புள்ள, இதென்ன இப்புடி அமுங்கிப்போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? கொழும்புச் சாமான், நாலு நாளைக்குத்தான் மினுக்கும் போல."

நீ அதைச் சுவரில் சாய்த்து வைத்தாய். பிறகு "சரி" என்றாய். கிணற்றுக்குப் போ, வள்ளத்துக்குப் போ என்று என்னை அனுப்பவில்லை. கார்டு கிட்டாரை எடுத்து, என் குரலுக்கு ஏற்றபடி ஐந்தரைக் கட்டைக்குச் சுருதி கூட்டினாய். ஒரு கட்டை இறக்கிக்கொண்டால் கம்பி தளர்ந்து உன் விரலுக்கு எவ்வளவோ இதமாக இருந்திருக்கும். நீயும் இறக்கட்டுமா என்று கேட்கவில்லை. நானும் இறக்கிக்கோ என்று சொல்லவில்லை. எட்டாம் நாள் கொழும்புக் கிட்டாரைத் துணியில் சுற்றி சுல்தான் பாயிடம் நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாய்.

ஒன்பதாம் திருநாள். சப்பரம் கிளம்பும் முன், பொழுது சாயும் நேரத்தில் பாடினோம். ஏழு பாட்டு. கடைசிப் பாட்டு நம் கோயில் உபதேசியார் எழுதிக் கொடுத்த மாதா பாட்டு. ஐந்தாவது பாட்டிலேயே உன் மேல் சட்டை நனைந்துவிட்டது. ஆறாவதில் நீ பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டேன். முடிந்து இறங்கியதும் நீ யாரிடமும் பேசாமல் கடலுக்குப் போய் முழங்கால் தண்ணீரில் நின்று கையை உப்புத் தண்ணீரில் வைத்திருந்தாய். என்னைச் சுற்றி அத்தைமார் கூட்டம். கடைசி வரிசையில் நின்ற பீடிக்கடைக்காரர் வந்து, ஒவ்வொரு சொல்லும் கேட்டது தாயி என்றார். நான் அந்தக் கூட்டத்தை விட்டு வரவில்லை.

கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது நீ வாசித்துக் காட்டினாய். அந்த மாலைக்குப் பிறகு மடங்காமலே போன மோதிர விரலை விட்டுவிட்டு மூன்று விரலிலேயே எல்லாப் பிடிகளையும் மாற்றி வைத்திருந்தாய். பாட்டு போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு இடத்தில் பள்ளம் விழும். "இப்புடியும் நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டாய். நல்லா இருக்கு அண்ணே என்றேன். அடுத்த வருஷம் வந்தபோது கிட்டார் சுவரில் தொங்கியது. அதற்கடுத்த வருஷம் ராமநாதபுரத்தில் ஏதோ பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டதாக அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு நீ எதையும் வாசிக்கவில்லை. இருபத்தேழு வயதில் நிறுத்திவிட்டாய். கை நிறையப் பாட்டு இருந்தவன் வெறும் ரேடியோ கேட்கிறவன் ஆனாய்.

அய்யா இறந்து முதல் வருஷப் பூசைக்கு வந்த சமயம், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் சுல்தான் பாயைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு அவரே வந்து பேசினார்.

"உங்க அய்யா மவுத்தான சேதி கொழும்புல இருக்கப்பக் கேள்விப்பட்டேன் தங்கச்சி. நல்ல மனுசர். கிட்டாருக்குச் சுறா எண்ண போட்ட ஆளு துனியாவுலயே அவுக ஒருத்தருதான்."

எனக்கு முகம் வெளிறியிருக்க வேண்டும். அவர் கவனிக்கவில்லை.

"திருப்பிக் குடுக்கயில அண்ணன் சொல்லித்தான் குடுத்தாக. பாய், எண்ண பட்டிருக்கு, மண்ணெண்ண வச்சுத் தொடைங்க, சத்தம் அப்படியே திரும்பி வரும், கருவி மேல ஒரு குறையும் இல்லன்னு. அப்பறம் ஏன் வேணாங்கிறீகன்னு கேட்டேன். தங்கச்சிக்கு மத்ததுதான் பிடிச்சிருக்குன்னாக. தொடைச்சேன், கணீர்னு வந்திருச்சு. இப்ப அது கொழும்புல ஒரு கலியாணக் கோஷ்டியில ஓடிக்கிட்டிருக்கு. அது வாசிக்காத முகூர்த்தம் இல்ல."

பஸ் வந்தது. ஏறினேன். ஊர் வரும்வரை நீ அன்று சொன்ன அந்த ஒரு "சரி"யையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு வந்தேன். எண்ணெய் பட்டது உனக்குத் தெரியும். மண்ணெண்ணெயால் துடைத்தால் போதும் என்றும் தெரியும். தெரிந்தே துடைக்காமல் விட்டாய். நான் அய்யாவின் கையைப் பாதியில் நிறுத்தியதும் உனக்குத் தெரியுமா? அய்யா சொன்னாரா? நீயே ஊகித்தாயா? இல்லை, தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது, பாவம், ஆசைப்படுகிறாள் என்று நினைத்து விட்டுக்கொடுத்தாயா? இரண்டுக்கும் நடுவில் என் மானமே இருக்கிறது அண்ணே.

அன்றைக்கே கேட்டிருக்கலாம். பூசை என்று விட்டேன். அடுத்த தடவை உன் கல்யாணம். அதற்கடுத்த தடவை பிள்ளைகள். இப்படியே வருஷங்களைத் தள்ளினேன். போன புரட்டாசியில் நீ படுக்கையில் கிடந்தபோது வந்தேன். நீயே எடுத்தாய்.

"ஏ புள்ள, அந்த ஒம்பதாந் திருநாள்ல கடைசியாப் பாடுனியே, அது எத்தனாங் கட்டை?"

"அஞ்சரை."

"அஞ்சரை" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய். "இப்ப எவளுக்கு ஏறும்."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். மதினி காப்பியோடு உள்ளே வந்தாள். நான் பஸ் நேரத்தைப் பற்றி ஏதோ கேட்டேன். ஐப்பசியில் நீ போய்விட்டாய்.

நாற்பதாம் நாள் முடிந்து மதினியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன், கிட்டாரை விட்டதைப் பற்றி எப்போதாவது குறைப்பட்டுக்கொண்டாயா என்று. "ஒரு நாளும் இல்ல. எந்தங்கச்சி பாடுனா, நான் வாசிச்சேன், அது போதும்பாக" என்றாள். அதைக் கேட்டு நான் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரே ஒரு முறை என்னைத் திட்டியிருக்கலாம் நீ. அன்று மீன் கைக்குத் திட்டியதில் பாதி திட்டியிருந்தாலும் போதும், அழுது தீர்த்திருப்பேன்.

மன்னித்துவிடு என்று எழுதி முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதிய பிறகும் அந்தச் சொல் வரமாட்டேன் என்கிறது. மன்னிப்புக் கேட்கிறவள் செய்ததற்கு முழுசாக வருந்த வேண்டும் அல்லவா? உன் விரலை நினைத்தால் வருத்தம், நீ நிறுத்திய அந்த இருபத்தேழு வயதை நினைத்தால் அதைவிட வருத்தம். ஆனால் அந்த மாலையை நினைத்தால், இத்தனை வயதுக்குப் பிறகும், உடம்பெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. அன்று நான் அவ்வளவு நன்றாகப் பாடினேன் அண்ணே. அதற்காக நான் இன்னும் வருந்தவில்லை.